மாம்பழத் தோல் ரொட்டிக்குள் போகலாமா?

வா கண்மணி, பக்கத்தில் உட்கார். இன்றைக்கு நாம் குப்பையைப் பற்றிப் பேசப் போகிறோம். முகத்தைச் சுளிக்காதே. இது வாசனையான குப்பை!

மே மாதத்தில் அம்மாவோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருப்பாய். ஸ்டேஷனிலிருந்து மேற்குப் பக்கம் இறங்கினால் போதும், மாம்பழ வாசனை மூக்கைத் துளைக்கும். தள்ளுவண்டிகளில் பங்கனபள்ளி, செந்தூரம், ருமானி, மல்கோவா என்று குவித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஜூஸ் கடை. கடைக்கார அண்ணன் விறுவிறுவென்று தோலைச் சீவுவார். சதை மிக்சிக்குள் போகும். தோலும் கொட்டையும் கூடைக்குள் விழும்.

இன்னும் நாலு கடை தள்ளிப் போனால் ஒரு பேக்கரி. கண்ணாடிக்குப் பின்னால் பன், ரஸ்க், தேங்காய் பன், பிரெட்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. அந்தக் கூடையில் கிடக்கும் தோலை இந்தப் பன்னுக்குள் சேர்க்க முடியுமா?

"சீ! குப்பையைத் தின்பதா?" என்று கேட்கிறாயா? அல்லது "ஏன் முடியாது?" என்று கேட்கிறாயா? இரண்டுமே நல்ல கேள்விகள். முதல் கேள்வி கேட்டவர் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கிறார். இரண்டாவது கேள்வி கேட்டவர் பயனைப் பற்றி யோசிக்கிறார். உணவு விஞ்ஞானிக்கு இரண்டு பேரும் வேண்டும்.

கூடையில் எவ்வளவு விழுகிறது?

முதலில் கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு மாம்பழத்தின் எடையில் 100-க்கு 15 முதல் 20 பங்கு வரை தோல் இருக்கும். அப்படியானால் 10 கிலோ மாம்பழம் சீவினால் எவ்வளவு தோல் வரும்? சொல்லு பார்க்கலாம். ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை. சபாஷ்!

இது ஒரு ஜூஸ் கடையின் கணக்கு. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழக்கூழ் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. கடையில் பாட்டிலில் வாங்கும் மாம்பழச் சாறு இருக்கிறதே, அதற்கான கூழை இப்படிப்பட்ட ஆலைகளில்தான் செய்கிறார்கள். அங்கே லாரி லாரியாகக் கிளிமூக்கு மாம்பழம் வந்து இறங்கும். பெங்களூரா என்றும் அதைச் சொல்வார்கள். உலகத்திலேயே மிக அதிகமாக மாம்பழம் விளையும் நாடு நம் இந்தியா. ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்குக் குறையாமல் விளைகிறது. அதில் கூழாகப் போவது ஒரு பகுதிதான். அந்தப் பகுதியிலிருந்து மட்டும் எவ்வளவு தோல் மிஞ்சும் என்று நினைத்துப் பார்.

அதெல்லாம் எங்கே போகிறது? கொஞ்சம் மாட்டுக்குத் தீனியாகப் போகிறது. கொஞ்சம் உரமாகிறது. மிச்சம் குப்பை மேட்டுக்குப் போகிறது. நம் தென்சென்னையில் பெருங்குடி குப்பைக் கிடங்கைப் பார்த்திருப்பாய். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டி வந்தார்கள். குவியலின் அடியில் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் பழத்தோல் அழுகினால் மீத்தேன் என்ற வாயு வரும். அது பூமியைச் சூடாக்கும் வாயு. பறவைகள் வந்து தங்கும் அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. அப்படிப்பட்ட இடங்களில் சேரும் குப்பையைக் குறைப்பது நல்ல காரியம் அல்லவா?

பாட்டிகளின் அறிவியல்

தோலைத் தின்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. உங்கள் பாட்டியைக் கேட்டுப் பார். பீர்க்கங்காய்த் தோலை வதக்கித் துவையல் அரைப்பார். வாழைக்காய்த் தோலில் துவையலோ பொரியலோ செய்வார். ஆரஞ்சுத் தோலில் குழம்பு வைப்பவர்கள் உண்டு. தர்பூசணியின் சிவப்பைத் தின்ற பிறகு, வெள்ளைப் பகுதியில் கூட்டு வைப்பவர்களும் உண்டு. மாங்கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை எடுத்துச் சமைக்கும் வீடுகளும் இருக்கின்றன.

கவனி. பாட்டி எதையும் அப்படியே பச்சையாகப் போடுவதில்லை. கழுவுகிறார். வதக்குகிறார். அளவாகச் சேர்க்கிறார். இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

கோதுமை இழந்த மேலாடை

இப்போது பன்னுக்கு வருவோம். பன் எதில் செய்கிறார்கள்? மைதாவில். மைதா எதிலிருந்து வருகிறது? கோதுமையிலிருந்து.

ஒரு கோதுமை மணியில் மூன்று பகுதிகள் உண்டு. மேலே தவிடு. ஒரு நுனியில் முளை. நடுவில் வெள்ளை மாவு. மைதா அரைக்கும்போது தவிட்டையும் முளையையும் நீக்கிவிடுகிறார்கள். வெள்ளை மாவு மட்டும் மிஞ்சுகிறது. பன் மெத்தென்று வருவதற்காக இப்படிச் செய்கிறார்கள்.

ஆனால் தவிட்டோடு ஒரு முக்கியமான பொருளும் போய்விடுகிறது. அதற்கு நார்ச்சத்து என்று பெயர். 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கும். 100 கிராம் மைதாவில் சுமார் 3 கிராம்தான். வித்தியாசத்தைப் பார்த்தாயா?

நார்ச்சத்து இல்லாவிட்டால் என்ன? சொல்கிறேன். நாம் தின்னும் மாவு வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. நார்ச்சத்து நம் குடலில் அப்படி உடையாது. அதில் இரண்டு வகை. ஒரு வகை தண்ணீரில் கரைந்து கொழகொழப்பாகும். அது சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கும். இன்னொரு வகை கரையாது. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, காலையில் மலம் எளிதாக வெளியேற உதவும். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் நார்ச்சத்துதான் சாப்பாடு.

இது யாரோ சிலரின் கவலை என்று நினைக்காதே. சென்னையில் இருக்கும் ஒரு நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க ஆய்வு செய்து 2023-இல் முடிவை வெளியிட்டன. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அந்த ஆய்வு சொன்னது. உன் தாத்தா தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்பதன் காரணம் இப்போது புரிகிறதா? சர்க்கரை நோய்க்குக் காரணங்கள் பல. நார்ச்சத்து குறைந்த சாப்பாட்டை அதிகமாகத் தின்பதும் அவற்றில் ஒன்று.

ஆக, கோதுமையின் தோலை நீக்கிவிட்டு மைதா செய்கிறோம். மாம்பழத்தின் தோலைச் சீவி எறிகிறோம். இரண்டு தோலிலும் நார்ச்சத்து இருக்கிறது. ஒன்றில் இழந்ததை இன்னொன்றால் ஈடு செய்தால் என்ன? இதுதான் விஞ்ஞானிகளுக்கு வந்த யோசனை.

ஜாமில் ஒளிந்திருக்கும் தோல்

நீ ஏற்கெனவே பழத்தோலைப் பன்னோடு சேர்த்துத் தின்றிருக்கிறாய். ஆச்சரியமாக இருக்கிறதா?

பன்-பட்டர்-ஜாம் பிடிக்கும் அல்லவா? ஜாம் வழியாமல் கெட்டியாக நிற்கிறதே, அதற்குக் காரணம் பெக்டின் என்ற பொருள். அதுவும் கரையும் வகை நார்ச்சத்துதான். பழத்தில் இயற்கையாகவே பெக்டின் உண்டு. போதாவிட்டால் தொழிற்சாலையில் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அந்தப் பெக்டினை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலிருந்து. ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கிறார்கள். குப்பைக்குப் போக வேண்டியது, சுத்தமாகி, சோதனை முடிந்து, உன் தட்டுக்கு வந்திருக்கிறது.

மைசூரில் ஓர் ஆய்வுக்கூடம்

மைசூரில் மன்னர் காலத்து மாளிகை ஒன்றில் 1950-இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். உணவைக் கெடாமல் வைப்பது, வீணாகாமல் காப்பது, சத்தைக் கூட்டுவது இதெல்லாம் அவர்களுடைய வேலை.

அங்கே அஜிலா, லீலாவதி, பிரசாத ராவ் ஆகிய மூவரும் மாம்பழத் தோலை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். தோலைக் கழுவி, மிதமான சூட்டில் உலர்த்தி, நைசாக அரைத்துத் தூளாக்கினார்கள். அந்தத் தூளில் என்னென்ன இருக்கிறது என்று அளந்தார்கள். தூளில் பாதிக்கு மேல், அதாவது 100-க்கு 51 பங்கு, நார்ச்சத்தாக இருந்தது! பாலிபீனால் என்ற பொருள்களும் நிறைய இருந்தன. நம் உடம்பின் செல்களைச் சேதத்திலிருந்து காக்க உதவக்கூடியவை என்று அவற்றைச் சொல்கிறார்கள். மாம்பழத்துக்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுகளும் இருந்தன. அவற்றில் சிலவற்றை நம் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும்.

பிறகு அந்தத் தூளை மாவோடு பல அளவுகளில் கலந்து பிஸ்கட் சுட்டார்கள். தின்று பார்த்துக் கருத்துச் சொல்லப் பழகியவர்களிடம் கொடுத்தார்கள். 100-க்கு 10 பங்கு வரை சேர்த்த பிஸ்கட் நன்றாகவே இருந்தது. மாம்பழ வாசனையும் வந்தது. அதற்கு மேல் போனால் சுவை குறைந்தது. 2008-இல் இந்த முடிவை உலக விஞ்ஞானிகள் படிக்கும் இதழில் வெளியிட்டார்கள். அடுத்து மாக்கரோனியிலும் சேர்த்துப் பார்த்தார்கள். அதே நிறுவனத்தில் ஆப்பிள் சக்கையைக் கேக்கில் சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள்.

நாமும் ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? 100 கிராம் மைதாவில் 10 கிராமை எடுத்துவிட்டு, 10 கிராம் தோல் தூள் சேர்க்கிறோம். தூளிலிருந்து 5 கிராம் நார்ச்சத்து வரும். மீதி 90 கிராம் மைதாவிலிருந்து சுமார் 2.7 கிராம் வரும். மொத்தம்? சுமார் 7.7 கிராம்! முன்பு 3 கிராம்தான் இருந்தது. இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. எறிய வேண்டிய தோலால் இது நடக்கிறது.

இதுவரை புரிந்ததா? இல்லாவிட்டால் ஒருமுறை திரும்பப் படி. அவசரமே இல்லை.

ஏன் முதலில் பிஸ்கட்? ஏன் பன் இல்லை?

கூர்மையான பிள்ளை இங்கே ஒன்று கேட்கும். "அவர்கள் ஏன் பிஸ்கட்டில் தொடங்கினார்கள்? பன்னில் சேர்த்தால் என்ன?"

பிஸ்கட் உப்ப வேண்டியதில்லை. பன் உப்ப வேண்டும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

மைதாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் இழுத்தால் இழுபடும் ஒரு புரதம் உருவாகும். அதற்குக் குளூட்டன் என்று பெயர். மாவில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியிடும். குளூட்டன் மெல்லிய சவ்வாக விரிந்து அந்த வாயுவை உள்ளே பிடித்து வைக்கும். மாவு உப்பும். சுட்டபின் அந்தக் குமிழ்கள் அப்படியே நிற்கும். பன்னைப் பிய்த்தால் தெரியும் சின்னச் சின்ன ஓட்டைகள் அந்தக் குமிழ்கள்தான்.

இப்போது உன் காத்தாடியை நினைத்துக்கொள். காகிதம் முழுசாக இருந்தால் காற்று அதைத் தூக்கும். முள்ளில் சிக்கிப் பல இடத்தில் ஓட்டை விழுந்தால்? காற்று ஓட்டை வழியே போய்விடும். காத்தாடி மேலே ஏறாது. தோல் தூளின் துகள்களும் குளூட்டன் சவ்வை அப்படித்தான் ஆங்காங்கே துளைத்துவிடுகின்றன. வாயு வெளியே போய்விடும். பன் அமுங்கிப் போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நார்ச்சத்துக்குத் தண்ணீர் தாகம் அதிகம். குளூட்டனுக்குப் போக வேண்டிய தண்ணீரைத் தானே இழுத்துக்கொள்ளும். மாவு இறுகிவிடும். அதனால் பேக்கரிக்காரர் தண்ணீரைக் கூட்ட வேண்டும். தூளை மிக நைசாக அரைக்க வேண்டும். அளவையும் குறைவாக வைக்க வேண்டும். பல நாடுகளில் ஆப்பிள் சக்கை, திராட்சைச் சக்கை, மாதுளைத் தோல், ஆரஞ்சுத் தோல் என்று ரொட்டியில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தூள் கொஞ்சமாக இருக்கும்வரை ரொட்டி நன்றாக வரும். கூடக்கூட ரொட்டி சிறுத்து, இறுகி, நிறம் மாறி, சில நேரம் கசந்தும் போகும்.

நீயே செய்து பார்

அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு சோதனைகளையும் செய்யலாம். அடுப்பே வேண்டாம்.

முதல் சோதனை. ஒரு கப் மைதாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசை. அரை மணி நேரம் வை. பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் அந்த உருண்டையை மெதுவாகப் பிசைந்து அலசு. தண்ணீர் பால் நிறமாகும். அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றி அலசு. தண்ணீர் தெளியும்போது கையில் என்ன மிஞ்சுகிறது? இழுத்தால் நீளும் ஒரு பழுப்புக் கட்டி. அதுதான் குளூட்டன்!

இரண்டாவது சோதனை. கோதுமை மாவைச் சலித்துக் கொஞ்சம் தவிடு எடுத்துக்கொள். மாம்பழத் தோல் தூளுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துவோம். மூன்று கண்ணாடி டம்ளர் எடு. முதல் டம்ளருக்கு 10 கரண்டி மைதா. இரண்டாவதுக்கு 9 கரண்டி மைதா, 1 கரண்டி தவிடு. மூன்றாவதுக்கு 6 கரண்டி மைதா, 4 கரண்டி தவிடு. மூன்றிலும் ஒரே அளவு ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துத் தனித்தனியாகப் பிசைந்து டம்ளருக்குள் போடு. மாவு எதுவரை இருக்கிறதோ அங்கே ஒரு ரப்பர் பேண்டை மாட்டு. ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்து அள. எது அதிகமாக உயர்ந்தது? எது குறைவாக உயர்ந்தது? நோட்டில் எழுதி வை. தேதியும் எழுது. விஞ்ஞானிகள் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஒரு விஷயம். மூன்று டம்ளரிலும் ஒரே அளவு ஈஸ்ட் ஏன் போடச் சொன்னேன்? யோசி. ஈஸ்ட்டும் மாறி, தவிடும் மாறினால், எதனால் மாவு உயரவில்லை என்று எப்படித் தெரியும்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் நல்ல சோதனை.

பாதுகாப்புக்கு ஐந்து கேள்விகள்

இனிதான் முக்கியமான பகுதி. "இயற்கையானது என்றால் நல்லதுதான்" என்று சிலர் சொல்வார்கள். அவசரப்பட்டு நம்பிவிடாதே. தோல் என்பது பழத்தின் வெளிப்பக்கம். வெயில், மழை, பூச்சி, மருந்து, தூசி எல்லாம் முதலில் படுவது அதன்மேல்தான். அதனால் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று, பழத்தின்மேல் என்ன தெளித்தார்கள்? தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்தால் அதன் மிச்சம் தோலில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். கழுவினால் ஓரளவு போகும். முழுவதும் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் தோலைத் தூளாக்குபவர்கள் அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு, பழத்தை எப்படிப் பழுக்க வைத்தார்கள்? கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் போன்ற நச்சுகள் ஒட்டியிருக்கக்கூடும். மாம்பழக் காலத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கோயம்பேட்டில் சோதனை போடுவதைச் செய்தியில் பார்த்திருப்பாய். எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. காற்றில் 10 லட்சம் பங்குக்கு 100 பங்கு வரைதான் இருக்கலாம். பழம் தானாகவே வெளியிடும் வாயுவும் எத்திலீன்தான்.

மூன்று, தோலை எப்படி உலர்த்தினார்கள்? தோலில் ஈரம் அதிகம். சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் சில மணி நேரம் கூடையில் கிடந்தாலே புளிக்கத் தொடங்கும். பிறகு பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் நச்சை உண்டாக்கும். அந்த நச்சு பேக்கரி அடுப்பின் சூட்டிலும் முழுசாக அழியாது. அதனால் தோலைச் சீவிய உடனே கழுவி, சுத்தமான உலர்த்தும் கருவியில் நன்றாகக் காயவைக்க வேண்டும். மொட்டை மாடியில் பாய் விரித்து, ஜி.எஸ்.டி. சாலைப் புழுதி படியக் காயவைப்பது இதற்கு ஆகாது.

நான்கு, யாருக்காவது ஒவ்வாமை வருமா? மாங்காயைப் பறிக்கும்போது காம்பிலிருந்து பால் வடியும். அது பட்டால் சிலருக்குத் தோல் அரித்துத் தடித்துப்போகும். மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் கொப்புளமே வரும். சித்த மருத்துவர்கள் அதைச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். நம் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு உறவினரோடு போயிருந்தால், மருந்துச் சரக்கைச் சுத்தி செய்வதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். ரொட்டியில் மாம்பழத் தோல் சேர்த்தால், அதைப் பாக்கெட்டின்மேல் தெளிவாக எழுத வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஐந்து, சுடும்போது என்ன ஆகிறது? 2002-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். மாவுப் பொருளை 120 டிகிரிக்கு மேல் வறுத்தாலோ சுட்டாலோ அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகிறது. மாவில் இருக்கும் ஓர் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்வதால் இது வருகிறது. ரொட்டியில் முக்கியமாக மேல் தோலில்தான் இருக்கும். கருகக் கருக அதிகமாகும். பழத்தோலில் சர்க்கரை இருக்கிறது. அது அக்ரிலமைடைக் கூட்டலாம். அதே தோலில் இருக்கும் பாலிபீனால்களில் சில அதைக் குறைக்கலாம். கூடுமா குறையுமா? ஒவ்வொரு பழத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகச் சோதித்தால்தான் தெரியும். நீ வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிரெட் வாட்டும்போது பொன்னிறத்தில் எடுத்துவிடு. கருக விடாதே.

நம் நாட்டு ரொட்டிக்கே ஒரு பாடம் உண்டு. மாவு நன்றாக உப்புவதற்காகப் பொட்டாசியம் புரோமேட் என்ற பொருளை முன்பு சேர்த்து வந்தார்கள். 2016-இல் தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பல ரொட்டிகளைச் சோதித்து, அந்தப் பொருள் இருப்பதை வெளியே சொன்னது. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதால், அதே ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது. பார்த்தாயா? ஒரு மையம் கேள்வி கேட்டது, சோதித்தது, நாட்டின் விதியே மாறியது. பாதுகாப்பு கிடைத்தது அந்தக் கேள்வியால்தான்.

இதையும் தெரிந்துகொள்

"மாம்பழத் தோல் பிஸ்கட் தின்றால் சர்க்கரை நோய் பறந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. மைசூர் விஞ்ஞானிகள் அளந்தது பிஸ்கட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை. தின்றவரின் உடம்பில் நோய் மாறியதா என்று பார்ப்பது வேறு ஆய்வு. அதற்கு மருத்துவர்களும் நிறைய மனிதர்களும் பல மாதங்களும் வேண்டும். பன்னில் வெண்ணெயும் சர்க்கரையும் அள்ளிப் போட்டுவிட்டு ஒரு கரண்டி தோல் தூள் சேர்த்தால், அது சத்துணவு ஆகிவிடாது. நார்ச்சத்துக்கு நம் வீட்டிலேயே நல்ல வழி இருக்கிறது. கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சுண்டல், கீரை, முழுப்பழம். தோல் சேர்த்த ரொட்டி அவற்றுக்குத் துணையாக வரட்டும்.

மார்க்கெட்டில் வாங்கிய மாம்பழத்தின் தோலை நீயாகக் காயவைத்து அரைத்துத் தின்னவும் வேண்டாம். மேலே சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் வீட்டில் பதில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

அந்த ஆய்வுக்கூடத்தில் நாளைக்கு நீ இருக்கலாம்! தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கிண்டி அருகில்தான். அங்கே அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கலாம். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழத்தை, பூவை, தண்டை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று அங்கே ஆராய்கிறார்கள். இரண்டுமே நம் ஊர்கள்தான்.

அதுவரை நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேக்கரியில் பிரெட் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படி. முதலில் எந்த மாவு எழுதியிருக்கிறது? 100 கிராமில் நார்ச்சத்து எத்தனை கிராம்? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா? கடைசித் தேதி என்ன? வீட்டில் விழும் பழத்தோலை மக்கும் குப்பையில் தனியாகப் போடு. பிளாஸ்டிக்கோடு கலக்காதே. கலந்துவிட்டால் அதை மாட்டுக்கும் கொடுக்க முடியாது, உரமும் ஆக்க முடியாது. சுத்தமாகப் பிரித்து, சீக்கிரம் உலர்த்தி, அளவாகச் சேர்த்து, சோதித்துப் பார்த்த தோல் நல்ல உணவு. அப்படிச் செய்யாத தோல் குப்பைதான். இந்த வித்தியாசத்தை உன் வகுப்பில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடு. உன் மூன்று டம்ளர் சோதனையின் அளவுகளையும் அவர்களிடம் காட்டு.